சுகுமாறனின் நேர்க்கோடு

அன்று நான் தலையை ஆட்டினேனா இல்லையா என்பது எனக்கு இப்போது நிச்சயமாக நினைவில்லை.

அமுதவள்ளி அக்கா கேட்டது நினைவிருக்கிறது. கிள்ளானில், அவர் வீட்டுக்கு முன்னால் கார் நிறுத்தும் இடத்தில் நின்றுகொண்டிருந்தோம். அவர் கையில் நாங்கள் கொடுத்த மணிக்கட்டுப் பட்டைகள் இருந்த பிளாஸ்டிக் டப்பா. "இத கோயில்ல வச்சு எடுத்துக் கட்டலாமா, தங்கச்சி?" என்று கேட்டார். மழை பெய்ததாக ஒரு நாள் தோன்றுகிறது. இன்னொரு நாள் யோசித்தால் நல்ல வெயில். பின்னால் ஒரு லோரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது, அந்தச் சத்தத்தில் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டிருக்காது. பக்கத்தில் நின்ற நிஜாம், நான் தெளிவாகத் தலையாட்டியதாக இன்றும் சொல்கிறான். அங்கே இல்லவே இல்லாத தனேஷ் அதை எல்லோரையும்விட உறுதியாகச் சொன்னான்.

ஆட்டியிருந்தால் நல்லது. ஆட்டாமல் விட்டிருந்தால், இப்போது ஆட்டுகிறேன்.

எங்கள் நிறுவனம் பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு பூமாலைக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. படியேறி வரும் மல்லிகை வாசம், நாங்கள் ஈயம் உருக்கும் நெடியோடு கலந்திருக்கும். தனேஷ்தான் முதலாளி. ஆஸ்திரேலியாவில் படித்துவிட்டு வந்தவன். நிஜாம் தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து, பூச்சோங்கில் நான்கு பேரோடு வீடு எடுத்துத் தங்கியிருந்தான். தரவுகளைப் பார்ப்பது என் வேலை. பெயர் மலர்விழி.

நாங்கள் செய்துகொண்டிருந்தது மணிக்கட்டில் கட்டும் ஒரு பட்டை. குடித்த மதுவில் மிகச் சிறிய பங்கு தோல் வழியாக ஆவியாக வெளியே வருகிறது. பட்டையின் அடியில் இருக்கும் சென்சர் அந்த ஆவியை எரித்து, அதில் பிறக்கும் மின்சாரத்தை அளக்கும். நிறையக் குடித்தால் நிறைய மின்சாரம். அதை நிஜாம்தான் வடிவமைத்தான். வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவை நாக்கில் வைத்ததில்லை. ஆனால் அதன் ஆவி தோலுக்கு எப்போது வரும், எப்படிப் போகும் என்று தன் தம்பியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வான்.

இதுபோன்ற கருவிகளை இதற்கு முன் சோதித்தவர்கள் எல்லாம் குளிர்ந்த அறைகளில், வேர்க்காத மனிதர்களிடம் சோதித்திருந்தார்கள். தனேஷுக்கு லோரி கம்பெனிகளிடம் விற்க வேண்டும் என்று ஆசை. தினமும் குடிப்பவர்கள், தினமும் வேர்ப்பவர்கள், பன்னிரண்டு பேர் வேண்டும் என்றான். அவ்வளவு பட்டைகள்தான் செய்திருந்தோம்.

அப்படித்தான் கிள்ளானுக்குப் போனோம். அமுதவள்ளி அக்கா அங்கே கன்டெய்னர் கிடங்கு ஒன்றின் வாசலில் கேண்டீன் நடத்திக்கொண்டிருந்தார். எந்த டிரைவர் எப்போது குடிப்பான், எந்த டிரைவர் எப்போது குடித்துவிட்டு அழுவான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் கணவர் சுகுமாறனே டிரைவர்தான். முதல் நாள் நான் அவரைப் பார்த்தபோது அவர் கண்களின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. ஏற்கனவே இரண்டு முறை ரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர். மூன்றாவது முறை வந்தால், கொண்டுவந்து சேர்ப்பதற்குள் முடிந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை அக்கா என்னிடம் இரகசியமாகச் சொல்லவில்லை. கணவர் முன்னாலேயே, சாம்பாருக்கு உப்பு போதவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னார்.

நான் தனேஷுக்கு போன் செய்து, இப்படி ஓர் ஆளை எடுக்கலாமா என்று கேட்டேன்.

"நாம ஊத்திக் குடுக்கலையே லா. அவரு எப்படியும் குடிக்கப் போறாரு. நாம பாக்குறோம், அவ்வளவுதான்" என்றான்.

அந்தப் பதில் எனக்கு அன்றே பிடிக்கவில்லை. ஆனால் எடுத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு பேரும் கேண்டீன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான் விதிகளைச் சொன்னேன். கட்டிய பிறகு கழற்றக் கூடாது. குளிக்கும்போதும் தூங்கும்போதும் கையில் இருக்க வேண்டும். இன்னொருவருக்குக் கட்டிவிடக் கூடாது. நாங்களே வந்து அவிழ்ப்போம். மற்றபடி வழக்கம்போலக் குடியுங்கள்.

"இதுவரைக்கும் எந்தப் பொம்பளையும் எங்கிட்ட அப்படிச் சொன்னதில்ல" என்றான் ராஜன். ஜொகூர் வரைக்கும் லோரி ஓட்டுகிறவன், அவர்களில் வாய் நீளமானவன். "மேடம், இத எழுதிக் குடுங்க. என் வீட்டுல ஃப்ரேம் போட்டு மாட்டணும்."

எல்லோரும் சிரித்தார்கள். சுகுமாறன் மட்டும் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு விட்டுவிட்டு மின்னும். "இது எப்பவும் எரியுமா?" என்று கேட்டார். வேலை செய்யும்வரை எரியும் என்றேன்.

அது ஆடி மாதம். கிடங்கை ஒட்டியிருந்த சின்ன மாரியம்மன் கோயிலில் அன்று சாயங்காலம் தீமிதித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு. எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் உறைத்திருக்காது. அடுக்குமாடியில் வளர்ந்தவள் நான். புது மோட்டார் சாவியைச் சாமி முன்னால் வைத்து எடுப்பதுபோல ஏதோ செய்யப்போகிறார்கள் என்று நினைத்து, ரயிலேறி வந்துவிட்டேன்.

அதன் பிறகு எங்கள் திரையில் வந்ததெல்லாம் நேர்க்கோடுகள்.

பன்னிரண்டு கைகளிலிருந்தும் எண்கள் வந்துகொண்டே இருந்தன. தோலின் சூடு வந்தது, வேர்வையின் ஈரம் வந்தது. மது மட்டும் வரவில்லை. முதல் நாள் சாயங்காலம், எல்லாப் பட்டைகளிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஊசி முனைபோல ஒரு கூர். அதற்குப் பிறகு தரையோடு தரையாக ஒரு கோடு. நான் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்றுமே நடக்காத ஒரு கோட்டைப் பார்ப்பது எனக்குக் கஷ்டமாக இல்லை. தனேஷுக்கு இருந்தது.

"சென்சர் செத்துருச்சு. நம்ம ஆளுங்க வேர்வை அதக் கொன்னுருச்சு" என்றான்.

"இல்ல சார்" என்றான் நிஜாம். "மொத நாளு எல்லாத்துலயும் ஏறியிருக்குல்ல?"

"அது ஏதோ கரண்ட் கோளாறு."

"பன்னெண்டுலயுமா?"

"அப்ப பன்னெண்டு பேரும் ஒரே நேரத்துல க்ளாஸத் தூக்கினாங்களா?"

நிஜாம் நாற்காலியை என் பக்கம் திருப்பினான். "குடிச்சா இப்படி வராது மேடம். வயித்துக்குப் போயி, ரத்தத்துக்குப் போயி, அப்புறந்தான் தோலுக்கு வரும். மெதுவா ஏறும், மெதுவா எறங்கும். இது ஏறுன வேகத்துல எறங்கியிருக்கு. வெளியில இருந்து ஏதோ பட்டிருக்கு."

"சானிடைசர்" என்றான் தனேஷ்.

"பன்னெண்டு டிரைவரும் வரிசையா நின்னு கை கழுவுனாங்களா சார்?"

தனேஷுக்கு அவசரம். அந்த மாதக் கடைசியில் முதலீட்டாளர்கள் வரவிருந்தார்கள். அவர்களிடம் காட்ட, ஏறி இறங்கும் ஒரு கோடு வேண்டும். "போயிப் பாத்துட்டு வா" என்றான் என்னிடம்.

சென்ட்ரலில் ரயில் பிடித்துக் கிள்ளானுக்குப் போனேன். மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் முடிந்திருந்தது. கேண்டீனின் பின்பக்கம் சுகுமாறன் முக்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் வந்ததைக் கவனித்தும் நிமிரவில்லை. அவர் கையைப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு எல்லாம் விளங்கியது.

எங்கள் கறுப்புப் பட்டையின்மேல் மஞ்சள் கயிறு மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டு. எல்லாவற்றின் மேலும் விபூதியும் குங்குமமும் அப்பிக் காய்ந்திருந்தன. அந்தக் குங்குமத்தின் அடியில் பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருந்தது.

"அக்கா, இது என்ன?"

அமுதவள்ளி அக்கா பெரிய குண்டானைக் கழுவிக்கொண்டே திரும்பினார். "காப்பு. வேற என்ன? கோயில்ல வச்சுக் கட்டலாமான்னு உன்கிட்டதானே கேட்டேன். நீயும் தலையாட்டுன."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்குந்தான். கழட்டக் கூடாது, குளிச்சாலும் கையில இருக்கணும், அடுத்தவனுக்குக் கட்டக் கூடாது, கட்டுனவங்கதான் அவுக்கணும்னு சொன்னீங்க. இதக் கேட்டதுக்கு அப்புறம் பூசாரி தனியா சொல்றதுக்கு என்னா இருக்கு? அவரே சிரிச்சாரு."

கோயிலுக்குப் பக்கத்தில் மரத்தடியில் முனியாண்டி சிலை இருந்தது. காப்புக் கட்டும் முன் அக்கா, சுகுமாறன் வீட்டில் ஒளித்து வைத்திருந்த சம்சு சாராய பாட்டிலைக் கொண்டுபோய் முனியாண்டிக்கு ஊற்றியிருக்கிறார். கட்டி முடித்ததும், மிச்சத்தை ஆளுக்குக் கொஞ்சமாக எல்லோர் மணிக்கட்டிலும் தெளித்திருக்கிறார். இதுதான் உங்களுக்குக் கடைசி, இனிமேல் இது அவனுடையது என்று சொல்லி. எங்கள் திரையில் ஏறிய கூர் அதுதான். பன்னிரண்டு சென்சரும் அதைச் சரியாகக் காட்டியிருந்தன. அதன் பிறகு ஒன்றுமில்லை என்பதையும் சரியாகவே காட்டியிருந்தன.

"அக்கா, நாங்க குடிக்கிறத அளக்குறதுக்குக் கட்டுனோம்."

"நான் குடிக்காம இருக்குறதுக்குக் கட்டுனேன்" என்றார். "வாட்ச்சு ஒன்னுதான். அது யார் பேச்சக் கேக்குதுன்னு பாப்போம்."

அப்போது ராஜன் பின்வாசல் வழியாக வந்தான். என்னைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தான். அக்கா விடவில்லை. அவன் சட்டைப் பையிலிருந்து பட்டையை எடுத்துக் கயிற்றோடு மேசையில் வைத்தான்.

"முடியல அண்ணி. நேத்து கழட்டிட்டேன்."

"கழட்டிட்டுக் குடிச்சியா?"

"பின்ன? கட்டிக்கிட்டா குடிப்பாங்க? நான் என்ன மிருகமா?"

நான் சிரித்துவிட்டேன். குடிக்கும்போது கையில் இருப்பதற்காகவே செய்த கருவி அது. இந்த ஊரில் குடிக்கிறவன் அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் குடிப்பான். ராஜனும் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. கயிற்றைப் பட்டையிலிருந்து பிரித்து, கண்ணில் ஒற்றி, ஒரு வெற்றிலையில் சுற்றி எடுத்து வைத்தார். வெறும் பட்டையை என்னிடம் கொடுத்தார். "இந்தா, உன்னுது."

அவர் உள்ளே போன பிறகு நான் சுகுமாறனுக்கு எதிரே உட்கார்ந்து, நானும் ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தேன். வெகுநேரம் இருவரும் பேசவில்லை. பேசாமல் இருக்கத் தெரிந்தவர்கள் அதிகம் கிடையாது. அவருக்குத் தெரிந்திருந்தது. கத்தி பிடித்த கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆரம்பத்தில் இன்னும் மோசமாக நடுங்கியதாம். கிளினிக்கில் மாத்திரை வாங்கிக் கொடுத்து, அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம்.

"படுத்தா ரொம்ப சுசா, கஷ்டம், தங்கச்சி" என்றார், தானாகவே. "தூக்கம் வராது. இந்தப் பச்ச லைட்டப் பாத்துக்கிட்டே கெடப்பேன். நமக்காக யாரோ முழிச்சிருக்கிற மாதிரி இருக்கும்."

திரைக்கு இந்தப் பக்கம் முழித்துக்கொண்டிருந்தது நான்தான் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

மறுநாள் நடந்ததைத் தனேஷிடம் சொன்னேன். கதை நன்றாக இருக்கிறது, ஆனால் யாரும் நம்பமாட்டார்கள் என்றான். சென்சர் செத்துவிட்டது என்பதுதான் உண்மை, காப்பு கீப்பு என்று சொல்லி மூடப் பார்க்கிறேன் என்றான். பட்டைகளை வாங்கி, புது சென்சர் மாட்டி, காலேஜ் பிள்ளைகளுக்குக் கட்டலாம் என்றான்.

நான் கீழே இறங்கி, முனையில் இருந்த மினிமார்க்கெட்டில் ஸ்டவுட் பீர் வாங்கினேன். பணம் வாங்கிய பையன் நான் யாருக்காகவோ வாங்குகிறேன் என்று நினைத்துக் கறுப்புப் பையில் சுற்றிக் கொடுத்தான். பையை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, பாட்டில்களைக் கையில் பிடித்தபடி, பூமாலைக் கடை அக்காக்கள் பார்த்துக்கொண்டிருக்க, மேலே ஏறினேன். மீட்டிங் அறையில் உட்கார்ந்து ராஜன் கழற்றிய பட்டையை என் கையில் கட்டிக்கொண்டேன். கிள்ளான் வேர்வையில் ஊறிய அதே பட்டை. ஓரத்தில் மஞ்சள் இன்னும் போகவில்லை.

"மலர், வேணாம் லா" என்றான் தனேஷ். கண்ணாடிக் கதவை எட்டிப் பார்த்தான். "நான் உன்னக் குடிக்கச் சொல்லல."

"நீங்க சொல்லல. நான்தான் குடிக்கிறேன்."

நான் குடிப்பேன் என்பது செமினியில் இருக்கும் என் அம்மாவுக்குத் தெரியாது. என் சிநேகிதிகளில் இரண்டு பேருக்குத் தெரியும். எப்போதும் கதவைப் பூட்டிக்கொண்டு குடித்தவள் நான். அன்று நடுமத்தியானம், இரண்டு ஆண்களுக்கு முன்னால், கிளாஸில் ஊற்றிக் குடித்தேன். கசப்பாக இருந்தது. அவசரப்படவில்லை. நிஜாம் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு எழுந்து வந்து, நான் திரையைப் பார்ப்பதற்கு வசதியாக அதை என் பக்கம் திருப்பி வைத்தான். கிளாஸுக்கு அடியில் வைக்க ஒரு காகிதமும் கொண்டுவந்தான்.

அதற்குப் பிறகு மூன்று பேரும் காத்திருந்தோம். கீழே யாரோ கல்யாண மாலைக்கு விலை பேசிக்கொண்டிருந்தது கேட்டது. கோடு தரையிலேயே கிடந்தது. தனேஷ் இரண்டு முறை எழுந்து, இரண்டு முறை உட்கார்ந்தான். நான் அடுத்த பாட்டிலையும் முடித்திருந்தேன். அப்போதுதான் கோடு மெல்லத் தலையைத் தூக்கியது. கூராக இல்லை. குன்றின் அடிவாரம் தொடங்குவதுபோல.

"வருது" என்றான் நிஜாம். தன் கருவி சரியாக வேலை செய்வதை அவன் முதல்முறையாகப் பார்த்தது என் தோலில்தான்.

"என் தோலும் அவங்க தோலும் ஒன்னுதான்" என்றேன். "என் வேர்வையும்தான். இந்தப் பட்டை கிள்ளான்ல ஒன்னும் காட்டலன்னா, அங்க காட்ட ஒன்னுமில்ல."

தனேஷ் தோற்றுப்போன முகத்தோடு இருப்பான் என்று நினைத்தேன். அவன் முகம் மலர்ந்திருந்தது. "அப்ப நல்லா வேல செய்யுது. பிரச்சன ஆளுங்கதான்." கொஞ்சம் யோசித்தான். "சுகுமாறன இங்க கூட்டிட்டு வா. அவரு நம்ம முன்னால குடிக்கட்டும். அந்த மாதிரி பழைய குடிகாரனோட கோடு ஒன்னு கெடச்சாப் போதும், மத்ததெல்லாம் தேவையே இல்ல."

"அவரு செத்துருவாரு."

"ஒரு க்ளாஸ்ல யாரும் சாகமாட்டாங்க, மலர்."

"ஒரு க்ளாஸோட நிக்கிற ஆளா இருந்தா, நாம அவரத் தேடியே போயிருக்கமாட்டோம்."

அவன் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"கூட்டிட்டு வரமாட்டேன்" என்றேன். "பட்டையையும் வாங்கிட்டு வரமாட்டேன். திருவிழா முடிஞ்சு அவங்களே அவுக்கட்டும்."

"அது என் கம்பெனி சாமான்."

"தெரியும்."

"அப்ப நானே போறேன்."

வார இறுதியில் அவன் காரிலேயே நானும் போனேன். அவன் ரேடியோவைப் போட்டான், பிறகு அவனே அணைத்தான். அக்கா வீட்டு வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. தூரத்தில் கோயில் மேளம். திருவிழாவுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

தனேஷ் மரியாதையாகத்தான் ஆரம்பித்தான். ஆய்வு முடிந்துவிட்டது, ஒத்துழைப்புக்கு நன்றி, பட்டைகளைத் திருப்பித் தர வேண்டும், சுகுமாறன் அண்ணனுக்கு விருப்பம் இருந்தால் எங்கள் ஆபீசுக்கு வரலாம் என்றான். எதற்கு என்று அக்கா கேட்டார். அவன் சொன்னான்.

அமுதவள்ளி அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தார். "உன் அப்பாவ இப்படி ஒக்கார வச்சு ஊத்துவியா?"

"ஆன்டி, நான் அப்படிச் சொல்லல..."

"எந்த ஊரு உனக்கு?"

"பந்திங்."

"பந்திங்கா. அங்கயும் மாரியாத்தா இருக்கா. கட்டுன காப்பப் பாதியில அவுக்கலாமான்னு உங்கம்மாவுக்குப் போன் போட்டுக் கேளு. நான் இங்கயே காவலுக்கு ஜாகா இருக்கேன், நீ பேசிட்டு வா."

"ஆன்டி, இது காப்பு இல்ல. இது ஒரு மெஷின். எங்களோடது."

"உன்னுதுதான். யாரு இல்லன்னா? அவுக்க முடியாதுன்னுதான் சொல்றேன். போலீசக் கூப்புடணுமா, கூப்புடு. அவங்க வந்தாலும் இதத்தான் சொல்லுவேன். எங்கிட்ட குடிகாரனா இருந்தப்ப எவனும் வந்து இவரு எங்களோடதுன்னு கேக்கல. ரத்தம் கக்குனப்ப தரையக் கழுவுனது நானு. இப்ப நல்லா இருக்கிறப்ப வந்து குடிக்கக் கூப்புடுறீங்களா?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை. உள்ளேயிருந்து சுகுமாறன் வந்தார். வெங்காயத் தோல் ஒட்டியிருந்த மேசையில் கையை நீட்டி வைத்தார்.

"தம்பி," என்றார். "கத்திரிக்கோல் வச்சிருக்கியா?"

தனேஷ் வைத்திருந்தான். பட்டை வெட்டும் சின்னக் கத்திரிக்கோல். எடுத்தான்.

"வெட்டு. உன் சாமானத்தானே கேக்குற. வெட்டிக்க. நான் தடுக்கல." கயிறு மேலே தெரியும்படி மணிக்கட்டைத் திருப்பி வைத்தார். "ஆனா ஒன்னு, நீ வெட்டுனா நான் இன்னிக்கே குடிப்பேன். அது எனக்குத் தெரியும். வள்ளிக்குத் தெரியும். இப்ப உனக்கும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டு வெட்டு."

மேளம் நின்றுவிட்டுத் திரும்பத் தொடங்கியது. தனேஷ் கத்திரிக்கோலைக் கயிற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். குங்குமம் அப்பிய அந்தக் கயிற்றை அவன் பார்த்த விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இதை மட்டும் நான் தவறாக நினைவு வைத்திருக்கவில்லை. அவன் விரல் கத்திரிக்கோல் வளையத்துக்குள் இருந்தது. ஆனால் மூடவில்லை. பந்திங்கில் பிறந்தவனால் அது முடியவில்லை.

கத்திரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டு போனை எடுத்தான். எங்கள் செயலியைத் திறந்தான். என்ன செய்யப்போகிறான் என்று எனக்குத் தெரிந்தது. "தனேஷ், வேணாம்" என்றேன். அவன் விரல் திரையைத் தொட்டது. சுகுமாறன் கையில் பச்சை விளக்கு அணைந்தது. மற்றவர்கள் கையிலும், எங்கெங்கோ நெடுஞ்சாலைகளில் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டிருந்த கைகளிலும், அதே நேரத்தில் அணைந்திருக்கும்.

"இனி அது வெறும் ரப்பர்" என்றான் தனேஷ். "வச்சுக்குங்க."

அமுதவள்ளி அக்கா குனிந்து கணவரின் கையைப் பார்த்தார். "வெளக்க அணைச்சிட்டியா? சரி, அது உன்னுது. கயிறு கட்டுனது நான். அது இருக்கும். நீ கெளம்பு."

தனேஷ் போய் காரில் உட்கார்ந்தான். நான் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

சுகுமாறன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். விளக்கு இருந்த இடத்தைக் கட்டை விரலால் தேய்த்தார். கடிகாரம் நின்றுவிட்டால் குலுக்கிப் பார்ப்பதுபோல ஒருமுறை கையைக் குலுக்கினார். அக்கா அவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பயந்து நான் பார்த்தது அப்போது மட்டும்தான்.

"தங்கச்சி" என்றார் சுகுமாறன். "இனிமே நான் குடிச்சா தெரியாதா?"

"தெரியாது, அண்ணே."

"உனக்கும் தெரியாதா?"

"எனக்கும் தெரியாது."

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆத்தாவுக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அவர் என்னிடம் பொய்யைக் கேட்கவில்லை. அவர் மறுபடியும் பேசுவதற்குள் வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. எதிர்வீட்டில் யாரோ போர்ச் விளக்கைப் போட்டார்கள்.

"சரி" என்றார். "டீ போடு, வள்ளி. தங்கச்சிக்கும் சேத்து. சீனி கம்மியா."

அக்கா எழுந்து உள்ளே போனார். அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. சுகுமாறன் மேசைக்கு அடியிலிருந்து வெங்காயக் கூடையை இழுத்து, உரிக்கத் தொடங்கினார். எனக்கும் ஒரு கத்தியை நகர்த்தி வைத்தார்.

திங்கட்கிழமை நான் ஆபீசுக்குப் போய், ஆய்வறிக்கையில் ஒரே ஒரு முடிவை எழுதினேன். கருவிகள் அனைத்தும் சரியாக வேலை செய்தன, அணிந்திருந்தவர்கள் அணிந்திருந்தபோது குடிக்கவில்லை. தனேஷ் அதை மாற்றச் சொன்னான். மாற்றமாட்டேன் என்றேன். அன்றோடு என் வேலை போனது. முடிவை மாற்றி எழுதித் தரும்படி நிஜாமிடம் அவன் சொன்னபோது, நிஜாம் என் வாக்கியத்தை அப்படியே எழுதி, கீழே தன் பெயரையும் சேர்த்துக் கொடுத்தானாம். அவன் பெர்மிட் தனேஷ் கையில் இருந்தது. தெரிந்தும்தான் எழுதினான்.

இனி எல்லோரையும் பற்றி.

தனேஷின் முதலீட்டாளர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், திரும்ப வரவில்லை. நிறுவனம் மூடப்பட்டது. தனேஷ் இப்போது சிங்கப்பூரில் ஒரு வங்கியில் வேலை செய்கிறான். தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புகிறான், நானும் அனுப்புகிறேன். நிஜாம் சில மாதங்கள் ஊரில் இருந்துவிட்டு பினாங்கில் வேறொரு கம்பெனிக்கு வந்தான். வெயிலிலும் வேர்வையிலும் குடிக்காமல் இருக்கும் மனிதனின் தோல் எப்படி இருக்கும் என்பதற்கு எங்கள் நேர்க்கோடுகளைவிட நல்ல உதாரணம் கிடையாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். நான் குடிப்பதை என் அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். கொஞ்ச காலம் பேசவில்லை, இப்போது பேசுகிறார். நான் காஜாங்கில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன்.

விளக்கு அணைந்த பிறகு, திருவிழாவுக்கு முன்பே நான்கு பேர் பட்டையைக் கழற்றிவிட்டுக் குடித்தார்கள். மற்றவர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் தீ மிதித்து, பூசாரி காப்பு அவிழ்த்த பிறகு குடித்தார்கள். ராஜன் இன்னும் ஜொகூருக்கு ஓட்டுகிறான், இன்னும் குடிக்கிறான். பட்டைகளை அக்கா கழுவித் துடைத்து எனக்கு அனுப்பினார். ஒன்று மட்டும் வரவில்லை. நான் கேட்கவில்லை.

சுகுமாறன் லோரி ஓட்டுவதை விட்டுவிட்டார். கேண்டீனில் வெங்காயம் உரிக்கிறார், மீன் கழுவுகிறார், குழம்பில் உப்பு அதிகம் என்று அக்காவோடு தினமும் சண்டை போடுகிறார். குடித்த காலத்தில் இவ்வளவு பேசமாட்டார், இப்போது வாய் தாங்க முடியவில்லை என்று அக்கா சொல்கிறார். ஈரல் முழுதாகச் சரியாகவில்லை, மாத்திரை சாப்பிடுகிறார். அவர் அவிழ்க்கவிடாத கயிறு தானாகவே அறுந்துபோய் வெகுநாளாகிறது. விளக்கில்லாத பட்டை கையில் இருக்கிறது. அவர் குடிப்பதில்லை.